கும்மித் தட்டும் ஹவுஸ் பீட்டும் ஒட்டவில்லை. டிஜே பழக எங்கிருந்து தொடங்குவது?

முளைப்பாரி124:

வணக்கம். மதுரை திருநகரில் இருக்கிறேன். ஒரு ஜவுளிக் கடையில் கணக்கு எழுதும் வேலை, ராத்திரி எட்டு மணிக்கு மேல்தான் எனக்கென்று நேரம். கையில் இருப்பது 8 ஜிபி ராம் உள்ள பழைய லேப்டாப், ஒயர் ஹெட்போன், சேர்த்து வைத்த 20,000 ரூபாய். ஆசை இரண்டு. கல்யாண வரவேற்பில் நின்று பாட்டுப் போட வேண்டும், ஒரு பாட்டு முடிந்து அடுத்தது வருவதே தெரியாமல் ஆட்கள் ஆடிக்கொண்டே இருக்க வேண்டும். அப்புறம், சொந்தமாக எலக்ட்ரானிக் இசை செய்ய வேண்டும்.

அம்மாச்சி ஊர் உசிலம்பட்டிப் பக்கம். போன முளைப்பாரித் திருவிழாவில் பொம்பளைகள் கும்மி கொட்டியதைப் போனில் பதிவு செய்தேன். அதன் அடியில் நிமிஷத்துக்கு 124 அடி வேகத்தில் ஹவுஸ் பீட் (ஒவ்வொரு எண்ணிக்கைக்கும் ஒரு டிரம் அடி விழும் நடன இசைத் தாளம்) வைத்தால் தொடக்கத்தில் சேர்ந்தது போல இருந்து அப்புறம் தனித்தனியாக ஓடுகிறது. சாஃப்ட்வேரில் இழுத்து ஒட்ட வைத்தால் கைத்தட்டே தகரச் சத்தமாகிவிடுகிறது. கிளிப்பை இணைத்திருக்கிறேன், கேட்டுச் சொல்லுங்கள். கன்ட்ரோலர் (பாட்டுகளைக் கையால் கலக்கும் குமிழ்ப் பலகை) முதலில் வாங்கவா, சாஃப்ட்வேருக்குக் காசு கட்டவா?

அனுப்பானடி பேஸ்:

அக்கா, இப்போதைக்கு எதற்கும் காசு கட்ட வேண்டாம். டிஜே பழக மிக்ஸ் என்றே ஓர் இலவச சாஃப்ட்வேர் இருக்கிறது. இங்கிலீஷில் தேடும்போது கடைசியில் மூன்று எக்ஸ் போட்டுத் தேடுங்கள். பாட்டுச் செய்ய ரீப்பர் என்ற சாஃப்ட்வேர் இருக்கிறது, 60 நாள் எல்லா வசதியோடும் சோதித்துப் பார்க்கலாம். எஃப்எல் ஸ்டூடியோவின் டிரயலும் நல்லதுதான், ஆனால் சேமித்த பிராஜெக்டைக் காசு கட்டும்வரை மறுபடி திறக்க முடியாது. அதனால் எழுந்திருப்பதற்கு முன்னால் செய்ததை வேவ் ஃபைலாக வெளியே எடுத்துவிடுங்கள். ஒருமுறை வாங்கிவிட்டால் அதன் புதுப் பதிப்புகள் எல்லாம் சும்மாவே கிடைக்கும்.

மேலூர் செட்டுக்காரன்:

தங்கச்சி, நான் மேலூரில் மைக்செட் வைத்திருக்கிறேன். குழாய் கட்டிய காலத்தில் இருந்து இதே தொழில். வரவேற்புக்கு வருகிற டிஜே தம்பிகள் என் பெட்டியில்தான் செருகுகிறார்கள், அவர்கள் எந்த இடத்தில் திணறுகிறார்கள் என்று பக்கத்தில் நின்று பார்க்கிறவன் நான்.

காதுதான் திணறுகிறது. வெளியே ஓடுகிற பாட்டையும் ஹெட்போனில் இருக்கிற அடுத்த பாட்டையும் ஒரே நேரத்தில் கேட்கப் பழக வேண்டும். அதற்கு லேப்டாப்பில் இருந்து சத்தம் இரண்டு வழியாக வெளியே வர வேண்டும். சின்ன யுஎஸ்பி சவுண்ட் கார்டு ஒன்று வாங்கிச் செருகு. பெட்டிக்குப் போவது அதில், ஹெட்போன் லேப்டாப்பில். அந்தத் தம்பி சொன்ன மிக்ஸ் சாஃப்ட்வேரில் இரண்டையும் தனித்தனியாகப் பிரித்துக் கொடுக்கலாம். கன்ட்ரோலரில் இந்த இரண்டு வழியும் உள்ளேயே இருக்கும், அதை அடுத்த வருஷம் வாங்கினாலும் போதும். புளூடூத் ஹெட்போனைத் தொடவே தொடாதே, சத்தம் பிந்தி வரும்.

இரண்டு பாட்டின் வேகத்தையும் தானாகச் சேர்க்கிற சிங்க் பட்டனை நம்பி மேடை ஏறாதே. 1980களின் சினிமாப் பாட்டுகளில் வாத்தியக்காரர்கள் கூடி உட்கார்ந்து வாசித்திருக்கிறார்கள். பல்லவியில் ஒரு வேகம் இருக்கும், சரணத்தில் ஒரு நூல் கூடியிருக்கும். நம்ம கூட்டம் நாற்காலியை விட்டு எழுவதோ அந்தப் பாட்டுகளுக்குத்தான். அப்புறம் நம்ம குத்துப் பாட்டு நிறைய ஆறு எண்ணிக்கையில் போகும். கம்ப்யூட்டர் அதை நாலு என்று நினைத்து, 90 காட்ட வேண்டிய இடத்தில் 135 காட்டும். மூன்றில் இரண்டு பங்காகக் குறைக்கவும், ஒன்றரை மடங்காகக் கூட்டவும் அந்த சாஃப்ட்வேரிலேயே வழி உண்டு. ஆனால் எது சரி என்று காலால் தட்டிப் பார்த்து நீதான் சொல்ல வேண்டும்.

மண்டபத்தில் சார்ஜரைப் போட்டதும் பெட்டியில் ஒரு இரைச்சல் கிளம்பும். பிடுங்கிப் பார், நின்றுவிட்டால் கோளாறு எர்த்தில். அதற்கென்று கிரவுண்ட் லூப் ஐசொலேட்டர் விற்கிறது, பையில் ஒன்று கிடக்கட்டும். மிக்சரில் சிவப்பு விளக்கு எரிய விடாதே. சத்தம் போதவில்லை என்றால் செட்டுக்காரரிடம் கேள், ஆம்ப்ளிஃபயரில் கூட்டித் தருவார்.

சொந்தப் பாட்டு செய்கிறேன் என்கிறாய், அதற்கும் ஒன்று சொல்கிறேன். ஊரில் பெட்டிகளை நாங்கள் பெரும்பாலும் மோனோவில்தான், இடது வலதை ஒன்றாகச் சேர்த்துத்தான் ஓட்டுவோம். இடது வலது என்று விரித்து வைத்த பேஸ் எல்லாம் அங்கே வந்து சேர்ந்ததும் மெலிந்துபோகும், சில சமயம் காணாமலே போகும். குழாயில் போட்டால் அடி பேஸ் சுத்தமாக வராது. கிக்கில், அதாவது அடி டிரம் சத்தத்தில், ‘டக்’ என்று ஒரு முனை இருந்தால்தான் தெருக்கோடியில் நிற்கிறவருக்கு அடி விழுவது தெரியும். வீட்டில் மிக்ஸ் பண்ணும்போதே மோனோ பட்டனை அமுக்கிக் கேட்டுக்கொள்.

முளைப்பாரி124:

அண்ணே, ரொம்ப நன்றி. ஆறு எண்ணிக்கை என்றதும்தான் யோசிக்கிறேன். என் கும்மியும் அந்தக் கணக்குதானா? அதனால்தான் ஒட்டவில்லையா?

பழங்காநத்தம் மோனோ:

கிளிப்பைக் கேட்டேன். அதேதான், மூன்று மூன்றாக நடக்கிறது. இன்னொன்றும் இருக்கிறது. 96இல் தொடங்கி, குலவை போடும் இடத்தில் 108ஐத் தொட்டுவிடுகிறார்கள். கும்மி சுற்றச் சுற்ற ஏறும், அதன் உயிரே அதுதான். அதைப் பிடித்து 124க்கு இழுத்தால் ஒவ்வொரு தட்டின் முனையும் சிதறிவிடும். தகரச் சத்தம் அங்கிருந்துதான் வருகிறது.

124ஐ விட்டுவிடுங்கள். ஹவுஸ் என்றால் 120க்கு மேல்தான் இருக்க வேண்டும் என்று யாரும் சட்டம் போடவில்லை. சீக்வென்சரில், அதாவது டிரம் அடிகளைக் கட்டம் கட்டமாக வைக்கும் இடத்தில், ஒரு பீட்டுக்கு 4 ஸ்டெப் இருப்பதை 3 ஆக்குங்கள். நாலு பீட் கொண்ட ஒரு சுற்றுக்கு 12 கட்டம் வரும். கிக்கை 1, 4, 7, 10இல் வையுங்கள். ஹை-ஹேட் என்கிற சிம்பல் சத்தத்தை 3, 6, 9, 12இல் வைத்தால் நடை அப்படியே கும்மிக்குள் போய் உட்காரும்.

வேகத்துக்கு, கும்மியை வெட்டாமல் அப்படியே போட்டுவிட்டு டெம்போ ஆட்டோமேஷனில் (வேகம் போகப் போக மாறுவதற்கு வரையும் கோடு) 96இல் இருந்து 108 வரை நீங்களே வரைந்து கொடுங்கள். நாலு தட்டுக்கு ஒரு புள்ளி போதும். கைத்தட்டைத் துண்டு துண்டாக நறுக்கிக் கட்டத்துக்குள் அடைத்தாலும் சேரும், நிறைய பேர் அப்படித்தான் செய்கிறார்கள். எனக்கு அதில் மனசு ஒப்பாது. அந்தப் பொம்பளைகள் சேர்ந்து ஏற்றிய வேகம் அது, மெஷின் அவர்கள் பின்னால் போகட்டும். கிளிப்பில் 150 ஹெர்ட்சுக்குக் கீழே உள்ள அடிச் சத்தத்தை வெட்டிவிடுங்கள், காற்று இரைச்சல் போய் கிக்குக்கு இடம் கிடைக்கும்.

அடுத்த முறை வட்டத்துக்கு வெளியே நிற்காதீர்கள். இந்தப் பதிவில் ஒருவர் கிட்டே வரும்போது அவர் தட்டு மட்டும் காதை அடைக்கிறது. நடுவில் முளைப்பாரி ஓடுகளுக்குப் பக்கத்தில் போனை வைக்கலாமா என்று பெரியவர்களிடம் கேட்டுப் பாருங்கள். பாட்டை வெளியிடும் முன்னால் பாடியவர்களுக்குப் போட்டுக் காட்டிச் சம்மதம் வாங்குங்கள், அவர்கள் பேரையும் போடுங்கள்.

மேலூர் செட்டுக்காரன்:

மோனோ தம்பி சொன்னது சரி. தங்கச்சிக்கு இன்னும் இரண்டு விஷயம். 2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதிப்படி இரவு 10 மணியில் இருந்து காலை 6 மணி வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது. திருவிழாவுக்கு என்று அரசு தளர்த்துகிற சில நாட்கள் தவிர. ஆகவே தெருவில் பந்தல் போட்ட வரவேற்பு என்றால் பெரிய பாட்டுகளை ஒன்பதரைக்குள் போட்டுவிடு, பத்துக்கு முன்னால் இறக்கி முடி. கல்யாணத்தில் போடுகிற பாட்டுக்குப் பதிப்புரிமைச் சட்டத்திலேயே விலக்கு இருக்கிறது. அந்த வீடியோவை யூடியூபில் ஏற்றினால் அந்த விலக்கு கூடவே வராது.

ஆவணி முகூர்த்தத்தில் எனக்கு வேலை இருக்கிறது. வீட்டில் யாரையாவது கூட்டிக்கொண்டு வா, மிக்சர் பக்கத்தில் நின்று பார். ஒயர் சுற்றுவதில் இருந்து சொல்லித் தருகிறேன். வருகிற மாதிரி இருந்தால் இங்கேயே எழுது.