மொட்டைமாடிக் கரி அடுப்பும் கடற்காற்றும்

திருவான்மியூரில் எங்கள் மொட்டைமாடியில் இறைச்சியைப் புகையில் வேகவைக்க ஆரம்பித்து மூன்று வருடம் ஆகிறது. இதில் என்னை அதிகம் ஆட்டிவைத்தது காற்றுதான்.

முதல் வருடம், மே மாத ஞாயிறு. ஆட்டின் முன்தொடை, எலும்போடு ஒன்றே முக்கால் கிலோ. மூடி போட்ட உருண்டை அடுப்பில் ஓர் ஓரமாகக் கரி, மறு ஓரத்தில் கறி, அடியில் ஒரு தட்டுத் தண்ணீர். காலை 9 மணிக்கு ஏற்றினேன். கம்பிமேல் வைத்த வெப்பமானி 115 டிகிரி செல்சியஸில் நின்றது. பதினொன்றரைக்குக் கறியின் உள்சூடு 68. அப்புறம் ஒரு மணி நேரமாக ஒரு டிகிரிகூட ஏறவில்லை. வியர்வை காயும்போது நம் உடம்பு குளிர்கிற மாதிரி, கறியிலிருந்து ஈரம் ஆவியாகி அதைக் குளிரவைக்கிற நேரம் அது. விட்டிருந்தால் தானாகத் தாண்டியிருக்கும். நெருப்பு அணைகிறது என்று நினைத்து, மூடியைத் திறந்து இரண்டு கைப்பிடி கரியைப் போட்டு, அடித் துவாரத்தை முழுக்கத் திறந்துவிட்டேன்.

மாடிப்படிக்கு அடியில் கிடந்த சாக்குக் கரி அது, ஈரம் இழுத்திருந்தது. வெள்ளைவெளேரென்று அடர்ந்த புகை. ஒரு மணிக்குக் கடற்காற்றும் வந்தது. துவாரம் கிழக்கே பார்த்திருந்தது. இருபது நிமிடத்தில் 170! மேலே கருகி, உள்ளே நார்நாராகி, வாயில் வைத்தால் ஒரே கசப்பு. அம்மா ஒரு துண்டு சாப்பிட்டுவிட்டு ஒன்றும் சொல்லவில்லை.

இப்போது காலை 5 மணிக்கே பற்றவைத்துவிடுகிறேன். துவாரம் மேற்கே பார்க்கும், கிழக்கே ஒரு தகரத் தடுப்பு. இஸ்திரிக்காரர்கள் வாங்கும் அதே சீமைக்கருவேலக் கரியை விறகுத்தொட்டியில் வாங்கி, தூளைச் சலித்துவிட்டு, எலுமிச்சை அளவுக்கு உடைத்துக்கொள்கிறேன். தூள் அடியில் தங்கினால் காற்று போகாது. டெக்சாஸ்காரர்கள் கொண்டாடும் மெஸ்கீட் மரத்துக்கு நெருங்கிய சொந்தம்தான் நம் சீமைக்கருவேலம், அதனால் இந்தக் கரியில் எனக்கு ஒரு குறையும் இல்லை. பற்றாத கரியைக் குவித்து, ஒரு முனையில் மட்டும் எட்டுப் பத்துக் கங்கு வைத்தால் நெருப்பு மெதுவாக நகர்ந்து வரும். மேல் துவாரத்தை மூடவே மாட்டேன், மூடினால் புகை உள்ளே தேங்கிக் கசக்கும். சூட்டைக் கூட்டுவதும் குறைப்பதும் அடித் துவாரத்தில்தான். அதையும் விரல் அகலம் நகர்த்திவிட்டுக் கால் மணி நேரம் காத்திருக்க வேண்டும்.

*

அண்ணா, நான் அம்பத்தூர். எங்கள் பக்கம் கடற்காற்று தாமதமாகத்தான் வரும். எனக்கு நடந்தது வேறு. நவம்பர் மாதம், கோழி பாதி வெந்திருக்கும்போது மழை பிடித்துக்கொண்டது. அடுப்பைப் பால்கனிக்குள் இழுத்து, சாரல் அடிக்காமல் இருக்கக் கண்ணாடி ஜன்னல்களைச் சாத்தி, பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டேன். புகை அவ்வளவாக இல்லை. முக்கால் மணி நேரத்தில் தலைவலி, குமட்டல். மனைவி வந்து கதவைத் திறந்து என்னை வெளியே இழுத்தாள். கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் கிடையாது, வாசனையும் கிடையாது என்று டாக்டர் சொன்ன பிறகுதான் எனக்குத் தெரியும். தயவுசெய்து யாரும் அப்படிச் செய்யாதீர்கள். அப்புறம், கோழியை எத்தனை டிகிரியில் இறக்குகிறீர்கள்?

*

தம்பி, படிக்கும்போதே பதறிவிட்டது. அணைந்த மாதிரித் தெரியும் கரிகூட அந்த வாயுவை விடும், அதனால் அடுப்பு வீட்டுக்குள் வரவே கூடாது. மழை வந்தால் கறியை மட்டும் எடுத்துப்போய்க் குக்கரில் முடித்துவிடுங்கள். கோழிக்குத் தொடையின் தடித்த இடத்தில், எலும்பில் படாமல் குத்திப் பார்த்து 74. ஆட்டு முன்தொடையை 93 வரை விடுகிறேன், அப்போதுதான் சவ்வு கரைந்து எலும்பு கழன்று வருகிறது. கோழிக்கு மட்டும் அடுப்புச் சூட்டை 140-க்கு ஏற்றிக்கொள்ளுங்கள், 115-இல் வைத்தால் தோல் ரப்பர் மாதிரி இழுக்கும்.