பட்டுக்கடை மாடிக்கு ஆள் ஏறவே மாட்டேங்கிறாங்க, யோசனை சொல்லுங்க

வணக்கம். காஞ்சிபுரத்துல அப்பா காலத்துப் பட்டுக்கடை எங்களோடது. 20 அடி அகலம், 60 அடி நீளம், தரைத்தளத்துக்கு மேல 2 மாடி. உள்ளே முழுசா மாத்தப் போறோம்.

முதல் தலைவலி லைட். போன வாரம் ஒரு அம்மா சேலையைத் தூக்கிட்டு நேரா வாசலுக்குப் போய் வெயில்ல பிடிச்சுப் பாத்தாங்க. "உள்ள அரக்கா தெரிஞ்சுது, இங்க மிளகாய்ப்பழச் சிவப்பா இருக்கே தம்பி"ன்னு வெச்சிட்டுப் போயிட்டாங்க. சி.ஆர்.ஐ. (நிறத்தை உள்ளபடி காட்டுற அளவு) 90க்கு மேல உள்ள எல்.இ.டி. போடணும்னு தெரியும். ஆனா எல்லாமே 4000 கெல்வின் (வெள்ளை வெளிச்சம்) போதுமா, ஜரிகை மினுங்க தனியா 3000 கெல்வின் (மஞ்சள் கலந்த வெளிச்சம்) ஸ்பாட் லைட் வேணுமா?

அடுத்தது மாடி. முகூர்த்தப் பட்டு 2வது மாடியில இருக்கு. கல்யாண ஜவுளிக்கு 15 பேரா வர்றாங்க, பாட்டிங்க படியைப் பாத்ததும் கீழேயே உக்காந்துடறாங்க. லிஃப்ட் வெச்சா தரைத்தளத்துல ஒரு அலமாரி வரிசையே போயிடும். பேசாம முகூர்த்தப் பட்டைக் கீழே இறக்கிடலாமா? மெத்தை விரிச்சு உக்காந்து காட்டுற பழக்கத்தை மட்டும் விட மனசில்லை. கவுன்ட்டர் மேல முந்தானை முழுசா விரியாதுங்க.

ஜவுளிக்கடை உள்வேலை செஞ்ச அனுபவம் உள்ளவங்க சொல்லுங்க. ஆடி முடியறதுக்குள்ள வேலையை முடிச்சாகணும்.