ஐந்தாம் பருவப் புழுவில் கரும்புள்ளி: பெப்ரினா, ஊசி ஈயா?

பென்னாகரத்துப் பட்டு (கேள்வி)

வணக்கம். பட்டுப்புழு வளர்க்கிறேன். 150 முட்டைத் தொகுதி, வெண்பட்டு இருவழிக் கலப்பினம், தண்டுப் படுக்கை முறை (இலையைத் தண்டோடு போடுவது). இன்று ஐந்தாம் பருவத்தின் (கூடு கட்டும் முன் கடைசிப் பருவம்) நான்காம் நாள். காலையில் இலை போடும்போது பார்த்தால் ஏழெட்டுப் புழுவின் விலாவில் கரும்புள்ளி. சிலதில் கடுகளவு, இரண்டில் மிளகளவு. புழு சோர்வாக இல்லை, நன்றாகத் தின்கிறது.

போன அறுவடையில் ஓட்டைக்கூடு நிறைய விழுந்தது. அங்காடியில் தனியாகக் கழித்துவிட்டார்கள். பக்கத்துத் தோட்டக்காரர் "மிளகு போட்ட மாதிரி புள்ளி இருந்தால் பெப்ரின் தொற்றுநோய், மொத்தத்தையும் கொளுத்து" என்கிறார். இன்னொருவர் ஊசி ஈ கொட்டியது என்கிறார்.

1. இரண்டில் எது என்று வளர்ப்பு மனையிலேயே கண்டுபிடிக்க வழி உண்டா?
2. ஈ என்றால் இலையைக் கழுவிப் போட்டால் முட்டை போய்விடுமா?
3. மனைக்குள் கொசு மருந்து வைக்கலாமா?
4. ஜன்னல் முழுக்க வலை இருக்கிறது. பிறகு எப்படி?

கூடுக்காரர்

மூன்றாவதற்கு முதல் பதில்: வைக்காதீர்கள். கொசுவர்த்தி, செருகி வைக்கும் திரவ மருந்து எல்லாம் பெரும்பாலும் பைரித்ராய்டு வகைப் பூச்சிக்கொல்லி. ஈ சாவதற்கு முன்னால் பட்டுப்புழு சாகும். வாயிலிருந்து பச்சை நீர் வழிந்து, தலையை ஆட்டி, சுருங்கிச் செத்துவிடும். புழுவுக்கு அது தாங்காது. பக்கத்து அறையிலும் வேண்டாம்.

இனி முதல் கேள்வி. பெப்ரின் புள்ளி பொடியாக உடல் முழுக்கத் தூவினாற்போல இருக்கும், ஒரு புழுவிலேயே பல. அதோடு தட்டில் புழுக்கள் ஒரே அளவில் இருக்காது, தோலுரிப்பு முன்னே பின்னே நடக்கும், இலை தின்பது குறையும். உங்கள் புழு சீராக இருக்கிறது, நன்றாகத் தின்கிறது, புள்ளி ஒரு புழுவுக்கு ஒன்றோ இரண்டோ. இது ஊசி ஈயின் தழும்பு போலத்தான் தெரிகிறது.

உறுதி செய்ய ஒரு புழுவைப் பலி கொடுங்கள். மிளகளவுப் புள்ளி உள்ளதை வெள்ளைச் சாசரில் கொஞ்சம் தண்ணீரில் போட்டு, தழும்புக்கு அரை செ.மீ. தள்ளி பிளேடால் முதுகு நீளத்துக்குத் தோலை மட்டும் கீறி விரியுங்கள். தழும்பின் உள்பக்கத்தைப் பாருங்கள். கருத்த சின்னக் குழாய், புனல் மாதிரி, தோலிலிருந்து உள்ளே இறங்கும். அதன் வாயில் பின்பக்கத்தைச் செருகிக்கொண்டு வெண்மஞ்சள் நிறத்தில் ஈப்புழு தலைகீழாகக் கிடக்கும். அதன் மூச்சுத் துளை பின்பக்கத்தில். வெளிக்காற்றை எடுக்கத்தான் துளையிட்ட இடத்தை விட்டு நகராமல் இருக்கிறது. பட்டுப்புழுவின் உடல் அந்தக் காயத்தை மூடப்பார்த்துக் கருமையைப் படியவிடும். அதுவே ஈப்புழுவுக்கு மூச்சுக்குழல் ஆகிவிடுகிறது. நீங்கள் பார்க்கும் கரும்புள்ளி இதன் வெளிவாய்தான்.

குழாயும் இல்லை, ஈப்புழுவும் இல்லை என்றால் நெரிசலில் மற்றப் புழுக்களின் கால்நகம் கீறிய காயமாக இருக்கலாம். பெப்ரின் சந்தேகம் அப்போதும் தீரவில்லையா, அரசு தொழில்நுட்ப சேவை மையத்துக்கு இருபது புழுக்களைக் கொண்டுபோங்கள். நுண்ணோக்கியில் நீள்வட்டமாய்ப் பளபளக்கும் வித்துகள் தெரிந்தால் அது பெப்ரின். கண்ணால் பார்த்து முடிவு கட்டி மொத்தத்தையும் கொளுத்தாதீர்கள்.

இருசிறகி

கூடுக்காரர் சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன், இரண்டாவது கேள்விக்கு விடை அதில்தான் இருக்கிறது.

இந்த ஈ கொட்டுவதில்லை. "ஊசி" என்றதும் ஊசி போல் குத்துகிறது என்று நினைத்துவிடுகிறோம். அது ஜப்பானிய "உஜி" என்ற சொல், ஈப்புழு என்று பொருள். நம் வாயில் ஊசியாகிவிட்டது. இந்த ஈயிடம் குத்தும் உறுப்பே கிடையாது. முட்டையைப் புழுவின் தோல் மேல் ஒட்டிவிட்டுப் பறந்துவிடும். துளை போடுவது முட்டையிலிருந்து வரும் ஈப்புழு.

ஜப்பானில் பட்டுப்புழுவைத் தாக்கும் வேறொரு ஈ இருக்கிறது. அது கண்ணுக்கே தெரியாத அளவு முட்டைகளை மல்பெரி இலையில் இடும். பட்டுப்புழு இலையோடு விழுங்கினால் உள்ளே பொரியும். இலையைக் கழுவும் யோசனை அதற்குப் பொருந்தலாம். நம்மிடம் இருப்பது எக்சோரிஸ்டா பாம்பிசிஸ், டாக்கினிடே குடும்பம். இது இலையில் இடுவதில்லை, புழுவின் மேல்தான். எனவே இலையைக் கழுவிப் பயனில்லை. ஈர இலை போட்டுப் படுக்கை ஈரமானால் வேறு நோய்தான் வரும்.

முட்டையைக் கண்ணாலேயே பார்க்கலாம். அரை மில்லிமீட்டர் நீளம், பாலாடை நிறம், ரவைத் துணுக்கு போல. உடல் வளையங்களுக்கு இடையிலுள்ள மடிப்பில் ஒட்டியிருக்கும். காலை வெயிலில் புழுவைச் சாய்த்துப் பிடித்தால் பளிச்சென்று தெரியும். புதுத் தழும்பின் மேல் வெற்று முட்டை ஓடு ஒட்டியே இருப்பதையும் பார்க்கலாம். அதுவே ஊசி ஈக்கு இன்னொரு அடையாளம்.

மேற்கு வங்கத்தில் வெகுகாலமாக இருந்த இந்த ஈ 1980இல் கர்நாடகத்துக்கு வந்து, அங்கிருந்து நம் பக்கமும் பரவியது. எரிப்பட்டுப் புழுவையும் விடாது. ஆமணக்கு போட்டு எரி வளர்ப்பவர் அக்கம்பக்கத்தில் இருந்தால் அங்கிருந்தும் உங்களுக்கு வரும்.

தண்டுப்படுக்கை

நான்காம் கேள்விக்கு வருகிறேன். நாள் கணக்குப் போட்டால் ஈ எப்போது உள்ளே வந்தது என்று தெரிந்துவிடும். அங்கேதான் ஓட்டை.

முட்டை பொரிய 2 முதல் 3 நாள். உள்ளே வளர 5 முதல் 8 நாள். ஆக முட்டை விழுந்து 7 முதல் 11 நாளில் ஈப்புழு வெளியே வரும். இன்று நான்காம் நாள், மிளகளவுத் தழும்பு. அப்படியென்றால் அந்த முட்டைகள் நான்காம் பருவத்தின் கடைசியிலோ தோலுரித்த உடனேயோ விழுந்தவை. இவை பெரும்பாலும் கூடு கட்டும் முன் சாகும், அல்லது மெல்லிய கூடு கட்டும். கடுகளவுத் தழும்பு உள்ளவை கூடு கட்டிவிடும், ஆனால் அதைத் துளைத்துக்கொண்டு ஈப்புழு வெளியே வரும். ஒரு கூடு என்பது ஆயிரம் மீட்டர் வரை அறுபடாத ஒற்றை இழை. ஓட்டை விழுந்தால் இழை அறுந்துபோகும், நூற்க வராது. அதனால்தான் அங்காடியில் கழிக்கிறார்கள்.

போன அறுவடையில் கூட்டில் ஓட்டை விழுந்தது என்றீர்கள். படுக்கையில் புழு அதிகம் சாகாமல் கூட்டில் மட்டும் ஓட்டை என்றால், ஐந்தாம் பருவத்தின் கடைசி மூன்று நான்கு நாளில், அல்லது சந்திரிகையில் (புழு கூடு கட்ட ஏற்றும் தட்டி) ஏற்றியபோது ஈ வந்திருக்கிறது. சந்திரிகையை எங்கே வைத்தீர்கள்? நிறையப் பேர் காற்றோட்டத்துக்காகத் திண்ணையிலோ மரநிழலிலோ வைத்துவிடுகிறார்கள். பழுத்த புழு, அதாவது கூடு கட்டத் தயாரானது, அசையாமல் உட்கார்ந்திருக்கும், ஈக்கு அதைவிட வசதி வேறில்லை. அன்று விழுந்த முட்டை அறுவடைக்குப் பிறகுகூட, மூட்டைக்குள்ளோ நூற்பவர் வீட்டிலோதான் வெளியே வரும். படுக்கைக்கு வலை போட்டுவிட்டுச் சந்திரிகையை வெளியே வைத்தால் பாதுகாப்பு கடைசி வாரத்தில் போய்விடுகிறது.

வலை இருந்தும் ஈ வருவதற்கு நான் முதலில் தேடும் இடங்கள்: கதவு. ஒற்றைக் கதவாக இருந்தால் இலைக்கட்டைத் தூக்கிக்கொண்டு நுழையும் ஒவ்வொரு முறையும் அரை நிமிடம் திறந்திருக்கும். முன்னால் ஓர் ஆள் நிற்கும் அளவுக்கு வலைக்கூண்டு கட்டி இரண்டாவது கதவு வையுங்கள். ஒன்று மூடிய பிறகே மற்றது. இரண்டிலும் தானாக மூடும் ஸ்பிரிங். அடுத்து, கூரை ஓட்டுக்கும் சுவருக்கும் இடையிலுள்ள சந்து, இதை யாரும் பார்ப்பதில்லை. பிறகு, தண்டு நுனி குத்திக் கிழித்த வலை. படுக்கையின் ஓரத்திலிருந்து வலைக்கு ஒரு சாண் இடைவெளி இருக்க வேண்டும். மாலையில் உள்ளே விளக்கைப் போட்டுவிட்டு வெளியே இருட்டில் நின்று சுற்றிப் பாருங்கள். வெளிச்சம் வலையில்லாமல் நேராக வரும் இடமெல்லாம் வழிதான்.

இலைக்கட்டோடும் ஈ வரும். இலை வைக்கும் அறையில் கட்டைப் பிரித்து உதறிய பிறகே மனைக்குள் கொண்டுபோங்கள்.

பென்னாகரத்துப் பட்டு

கீறிப் பார்த்தேன். கருங்குழாய், அதில் தொங்கிக்கொண்டு வெள்ளைப் புழு, நீங்கள் சொன்னபடியே. சந்திரிகை திண்ணையில்தான் இருந்தது. இன்றே உள்ளே மாற்றிவிட்டேன்.

இனி இந்தப் புழுக்களுக்கு என்ன செய்வது? மருந்துக்கடையில் பென்சாயிக் அமிலப் பொடி கிடைக்கிறது, 1 சதவீதம் கரைத்துத் தெளிக்கச் சொன்னார்கள்.

கூடுக்காரர்

பொடியை வாங்காதீர்கள் அண்ணா. 1 சதவீதம் என்றால் லிட்டருக்கு 10 கிராம். சாதாரணத் தண்ணீரில் பென்சாயிக் அமிலம் லிட்டருக்கு மூன்றரை கிராம் அளவுதான் கரையும். கொதிநீரில் கரைத்தால் கரைந்தது போலிருக்கும், ஆறினதும் ஊசி ஊசியாகப் படிகம் விழுந்து அடியில் தங்கிவிடும். தெளிப்பான் மூக்கும் அடைக்கும், புழு மேல் விழுவதோ பாதிக்கும் குறைவான மருந்து. பட்டு வளர்ச்சித் துறை மையத்தில் உசிசைடு என்று தயாராகக் கிடைக்கும் கரைசலை வாங்குங்கள்.

அது வேலை செய்வது முட்டை மேல் மட்டும். ஈப்புழு உள்ளே போய்விட்ட புழுவைக் காப்பாற்றாது. முட்டை இரண்டு நாளில் பொரிந்துவிடுவதால் ஒருநாள் விட்டு ஒருநாள் தெளிக்க வேண்டும், நடுவில் விட்டால் அந்த இரண்டு நாள் முட்டையும் தப்பிவிடும். இலை போடுவதற்கு முன், படுக்கையில் தின்று முடித்து புழு மேலே வந்திருக்கும்போது, தோல் நனையும்படி. அரை மணி நேரம் காற்றாட விட்டு, உலர்ந்த பின் இலை. தோலுரிப்பில் இருக்கும்போது தெளிக்கவே கூடாது. மழை நாளில் படுக்கை ஈரமாகவே கிடந்தால் அதற்குரிய தூள் வடிவம் இருக்கிறது, அதைக் கேளுங்கள். அடுத்த முறை மூன்றாம் பருவத்திலிருந்தே தொடங்குங்கள். ஐந்தாம் பருவத்தில் தழும்பைப் பார்த்த பிறகு தொடங்கினால் பாதி வேலைதான்.

தழும்பு உள்ளதை இன்றிலிருந்து பொறுக்கித் தனித் தட்டில் போடுங்கள், தனிச் சந்திரிகையில் ஏற்றுங்கள். நல்ல கூட்டோடு கலந்தால் மூட்டை முழுக்க ஈப்புழு ஊரும்.

இருசிறகி

வெளியே வரும் ஈப்புழுவை விட்டுவிட்டால் அடுத்த அறுவடையும் போகும். வெளிச்சம் அதற்குப் பிடிக்காது. விழுந்ததும் இருட்டு மூலை, தரை விரிசல், சுவரோரப் புழுதி தேடி ஊர்ந்துபோகும். அரை நாளிலிருந்து ஒரு நாளுக்குள் செம்பழுப்புக் கூட்டுப்புழு ஆகிவிடும், சின்ன உளுந்துருண்டை போல, ஒரு செ.மீ. நீளம். 10 முதல் 12 நாளில் ஈ. ஆகவே பெருக்குவது ஒருநாள் தவறினாலும் விரிசலுக்குள் போய்விடும். காலை மாலை இருவேளையும் பெருக்கி, வாரியதைக் கொதிநீரில் அல்லது சோப்பு நீரில் கொட்டுங்கள். வெறுமனே வெளியே எறிந்தால் மண்ணுக்குள் நுழைந்து கூட்டுப்புழுவாகிவிடும். தரை விரிசலைச் சிமெண்ட் வைத்து அடையுங்கள். புழுக்கழிவையும் தண்டையும் எருக்குழியில் போட்டால் இருபது நாள் பாலித்தீன் மூடி, விளிம்பில் மண் போடுங்கள்.

சாக்கி மையத்திலிருந்து இளம்புழு வாங்குகிறீர்கள் என்றால் கணக்கைப் பாருங்கள். மனையைக் கழுவி, ஒரு வாரம் பத்து நாளில் அடுத்த புழு வந்துவிடும், அது மூன்றாம் நான்காம் பருவம் தாண்டும் நேரத்தில்தான் விரிசலிலிருந்து ஈ கிளம்பும். ஒரு பெண் ஈ முந்நூறு முட்டைக்குக் குறையாமல் இடும். நான்கைந்து ஈ உள்ளே பிறந்தால் வலை எவ்வளவு நன்றாக இருந்தும் பயனில்லை.

பொறி வேண்டுமென்றால் உசி ட்ராப் மாத்திரை, ஒன்றை ஒரு லிட்டர் தண்ணீரில் கரைத்து வெள்ளைத் தட்டில் ஊற்றி ஜன்னலடியில் உள்ளே ஒன்று, வெளியே ஒன்று. விழுவது ஊசி ஈயா வீட்டு ஈயா என்று பார்த்துக்கொள்ளுங்கள். மார்பின் மேல் நான்கு கறுப்புக் கோடு என்பார்கள், வீட்டு ஈக்கும் நான்குதான், அதை நம்பாதீர்கள். ஊசி ஈ அதைவிடப் பெரியது, ஒரு செ.மீ. இருக்கும். வயிறு கூம்பு, அதில் முள் போல் தடித்த மயிர் நிற்கும். மூன்று கோடும் வயிற்றில் சதுரங்கக் கட்டமும் இருந்தால் அது இறைச்சி ஈ. செத்த புழுவில் பொடிப்பொடியாய் நிறைய ஈப்புழு நெளிந்தால் அதுவும் ஊசி ஈ இல்லை, பிணம் தின்ன வந்த வேறு ஈ.

தண்டுப்படுக்கை

நெசோலிங்க்ஸ் தைமஸ் குளவியை யாரும் சொல்லவில்லையே. ஊசி ஈயின் கூட்டுப்புழுவுக்குள் முட்டையிட்டு அதைத் தின்னும் மிகச் சின்னக் குளவி, எறும்பைவிடச் சிறியது. பட்டுப்புழுவைத் தொடாது. 100 முட்டைத் தொகுதிக்கு இரண்டு பை, உங்களுக்கு மூன்று. ஐந்தாம் பருவத்தின் இரண்டாம் நாள் இரவில் மனைக்குள் கட்டுவதுதான் வழக்கம். உங்களுக்கு அந்த நாள் தாண்டிவிட்டது, இருந்தாலும் இன்றே கேட்டு வாங்கிக் கட்டுங்கள், இனி விழப்போகும் கூட்டுப்புழுவுக்கு அது உதவும். புழுவைச் சந்திரிகையில் ஏற்றியதும் அதே பையை எருக்குழிப் பக்கம் மாற்றுங்கள். கயிற்றில் கொஞ்சம் கிரீஸ் தடவித் தொங்கவிடுங்கள், இல்லையென்றால் எறும்பு இரவோடிரவாகப் பையைக் காலி செய்துவிடும். குளவி விட்ட பிறகு எருக்குழியில் எந்தப் பூச்சிமருந்தும் அடிக்க வேண்டாம்.

பென்னாகரத்துப் பட்டு

மூன்று பை சொல்லிவிட்டேன், நாளை வரும். கூரைச் சந்தில் வெளிச்சம் இரண்டு இடத்தில் தெரிந்தது, வலை அடித்தாயிற்று. தழும்புப் புழு இதுவரை முப்பத்தாறு, தனித் தட்டில் இருக்கிறது.