மைட்ரல் வால்வு கசிவும் இதயத் தசையில் தழும்பும்: உங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்லுங்கள்

சாட்ஸ்வர்த் மகள்:

அம்மாவுக்கு வயது 63. இதயத்தின் இடது மேலறைக்கும் கீழறைக்கும் நடுவே உள்ள மைட்ரல் வால்வில் கசிவு இருப்பது ஒன்பது வருடமாகத் தெரியும். வருடத்துக்கு ஒரு தடவை, ஒலி அலையால் இதயத்தைப் படமெடுக்கும் எக்கோ எடுப்போம். இதயம் ரத்தத்தைத் தள்ளும் சதவீதமான ஈ.எஃப். எவ்வளவு என்று டாக்டர் சொல்வார். 66, 65, 66. அம்மா வீட்டுக்கு வந்து அப்பாவிடம் "நல்லாத்தான் இருக்காம்" என்பார். அதோடு அடுத்த வருடம் வரை அந்தப் பேச்சே எழாது.

போன வருடம் தைப்பூசக் காவடிக்கு எப்போதும் போலப் பால்குடம் எடுத்தார். கோயிலுக்குப் போகும் ஏற்றத்தில் இரண்டு முறை நின்றுவிட்டார். வெயில் என்றார். டர்பனில் அந்தச் சமயத்தில் புழுக்கம் தாங்காது, நாங்களும் நம்பினோம். அப்புறம்தான் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது. பின்பக்கப் படியேறித் துணி காயப்போடுவதை எப்போதோ தங்கையிடம் விட்டிருந்தார். கடைக்கு நடந்து போவதையும் நிறுத்தியிருந்தார். மூச்சு வாங்குகிறது என்று அவர் ஒருநாளும் சொன்னதில்லை. மூச்சு வாங்கும் வேலை எதையுமே செய்யாமல் இருந்தால் எப்படிச் சொல்வார்?

அடுத்த எக்கோவில் ஈ.எஃப். 61. இதயம் சுருங்கி முடிக்கும்போது இடது கீழறையின் அகலம் 41 மி.மீ. இதய நிபுணர் எம்.ஆர்.ஐ. எழுதிக் கொடுத்தார். உள்ளே போகும் முன் நகையெல்லாம் கழற்றச் சொன்னார்கள். அம்மா தாலியைக் கழற்ற மாட்டேன் என்று நின்றார். நான் முன்கூட்டியே யோசித்து ஒரு மஞ்சள் கயிறும் மஞ்சள் துண்டும் கொண்டு போயிருந்தேன். அதை அப்பா கையால் கட்டிக்கொண்ட பிறகே படுத்தார். முக்கால் மணி நேரத்துக்கு மேல் ஆனது. இயந்திரம் தடதடவென்று சத்தம் போடும், நடுநடுவே மூச்சைப் பிடிக்கச் சொல்வார்கள். பயப்படுகிறவர்களுக்கு இதை முதலிலேயே சொல்லி வையுங்கள்.

நடுவில் கை நரம்பில் காடோலினியம் என்ற மருந்து ஏற்றினார்கள். அதற்கு முன்பே சிறுநீரகம் சரியாக இருக்கிறதா என்று ரத்தம் எடுத்துப் பார்த்திருந்தார்கள். நல்ல தசையிலிருந்து அந்த மருந்து சீக்கிரம் வெளியேறிவிடும். தழும்பில் தங்கிவிடும். பத்து பதினைந்து நிமிடம் கழித்து எடுக்கும் படத்தில் தழும்பு உள்ள இடம் வெள்ளையாகத் தெரியும். அம்மாவின் படத்தில் வால்வை நாண் என்ற கயிறுகளால் இழுத்துப் பிடிக்கும் தசைத்தூணின் நுனியிலும், கீழறையின் பின்புறச் சுவரில் வால்வை ஒட்டிய பகுதியிலும் வெள்ளை இருந்தது.

"கசிவை நிறுத்தலாம். இந்தத் தழும்பு அப்படியே இருக்கும்" என்றார் டாக்டர். அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் இல்லை. ஒன்பது வருடமாக நல்லபடியாக இருந்த எண்ணுக்குப் பின்னால் இது எப்படி வந்தது? உங்களில் யாருக்காவது இப்படி நடந்திருக்கிறதா?

எக்கோ அக்கா, பீட்டர்மாரிட்ஸ்பர்க்:

தங்கச்சி, எக்கோ எடுப்பதே என் வேலை. ஈ.எஃப். என்பது கீழறை ஒரு துடிப்பில் தன்னிடமுள்ள ரத்தத்தில் எத்தனை சதவீதத்தை வெளியே தள்ளுகிறது என்ற கணக்கு. அது எந்தப் பக்கம் போகிறது என்பதை அந்த எண் சொல்லாது. வால்வு கசிந்தால் ஒரு பங்கு உடம்புக்குப் போகாமல் மேலறைக்கே திரும்பிவிடும். கடுமையான கசிவு என்றால் ஒரு துடிப்பில் 60 மி.லி. அல்லது அதற்கும் மேல் பின்னால் போகிறது. ஓட்டை வாளியில் தண்ணீர் இறைப்பது போலத்தான். எத்தனை வாளி இழுத்தோம் என்று எண்ணினால் கணக்கு நன்றாக இருக்கும், தொட்டியில் சேர்ந்தது பாதியாக இருக்கும். இழுக்கும் கை மட்டும் நாளுக்கு நாள் ஓய்ந்துபோகும்.

அதனால்தான் இந்த நோயில் ஈ.எஃப். 60 என்பதையே குறைவு என்று எடுத்துக்கொள்கிறோம். மற்றவர்களுக்கு அது நல்ல எண். கசிவு கடுமையாக இருந்து, ஈ.எஃப். 60 அல்லது அதற்குக் கீழே போனாலோ, சுருங்கிய நிலையில் அகலம் 40 மி.மீ. தொட்டாலோ, மூச்சுத் திணறல் வந்தாலோ அறுவையைப் பற்றிப் பேச வேண்டும். அம்மாவுக்கு அகலம் தாண்டிவிட்டது. பல வருடம் கூடுதல் ரத்தத்தைத் தாங்கி விரிந்த சுவரில் தசைச் செல்கள் மடியும், அந்த இடத்தை நார் நிரப்பும். அதுதான் தழும்பு. எக்கோவில் எங்களால் அதைச் சரியாகப் பார்க்க முடியாது.

எண்ணை மட்டும் கேட்டுவிட்டு வீட்டுக்குப் போகிறவர்களைத் தினமும் பார்க்கிறேன். மனசு கேட்காது. போன வருடத்து அளவுகளையும் சேர்த்துக் கேளுங்கள்.

பீனிக்ஸ் தம்பி:

எனக்கு 38 வயது. வால்வு இதழ் மேலறைப் பக்கம் பிதுங்குகிறது, கசிவு நடுத்தரம்தான். கால்பந்து விளையாடும்போது ஒருநாள் கண் இருட்டி விழுந்துவிட்டேன். அதற்கு முன்பே நெஞ்சில் மீன் துள்ளுவது போல அடிக்கடி இருக்கும், டீயைக் குறைத்தால் சரியாகிவிடும் என்று நினைத்திருந்தேன். துடிப்பைப் பதிவு செய்யும் ஹோல்டர் கருவியை 24 மணி நேரம் மாட்டினார்கள். கீழறையிலிருந்து தாறுமாறான துடிப்புகள் ஆயிரக்கணக்கில் வந்திருந்தன. எம்.ஆர்.ஐ.யில் தசைத்தூணில் தழும்பு.

அக்கா சொன்னதோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: என் கசிவு கடுமையானது இல்லை, ஆனாலும் தழும்பு இருக்கிறது. இதழ் பிதுங்கி ஒவ்வொரு துடிப்பிலும் அந்தத் தூணைப் பிடித்து இழுப்பதும் ஒரு காரணம் என்று டாக்டர் விளக்கினார். தழும்பு உள்ள இடத்தில் மின்னோட்டம் சுற்றிவளைத்துப் போவதால் துடிப்பு தடம் மாறுமாம். இப்போது துடிப்பை அடக்கும் பீட்டா பிளாக்கர் மாத்திரை சாப்பிடுகிறேன், கண்காணிப்பில் இருக்கிறேன். அண்ணனையும் தங்கையையும் எக்கோ எடுக்கச் சொன்னார்கள். தங்கைக்கும் பிதுக்கம் இருக்கிறது. மயக்கம் வந்தால் வெயில், பசி என்று தள்ளிவிடாதீர்கள், தயவுசெய்து.

வெருலம் பேரன்:

எங்கள் ஆயாவுக்குச் சிறு வயதில் தொண்டைப் புண்ணும் காய்ச்சலும் வந்து மூட்டு வீங்கியதாம். கரும்புத் தோட்டத்துக் குடியிருப்பில் யார் பார்ப்பார்கள்? நாற்பது வயதில்தான் வால்வு கெட்டது தெரிந்தது. இந்தத் தென்னாப்பிரிக்காவில், தொண்டைப் புண்ணைத் தொடர்ந்து வரும் ரூமாட்டிக் காய்ச்சலால் வால்வு போனவர்கள் இன்னும் நிறைய. பிள்ளைகளுக்குத் தொண்டைப் புண் வந்தால் கிளினிக்குக்குக் கூட்டிப் போங்கள்.

சாட்ஸ்வர்த் மகள்:

எல்லோருக்கும் நன்றி, பல மாதம் கழித்து எழுதுகிறேன். அக்கா, உங்கள் வாளிக் கணக்கை அப்பாவுக்குச் சொன்னேன். அவருக்கு உடனே புரிந்தது.

அம்மாவுக்கு அறுவை முடிந்து ஐந்து மாதம் ஆகிறது. வால்வை மாற்றவில்லை, அவருடையதையே பழுது பார்த்து, அறுந்த நாணுக்குப் பதில் செயற்கை நூல் வைத்து, சுற்றிலும் ஒரு வளையம் தைத்தார்கள். முதல் எக்கோவில் ஈ.எஃப். 52 என்று வந்தபோது நான் அழுதுவிட்டேன். பின்னால் ஓடும் வழி அடைபட்டதும் தசையின் உண்மையான பலம் தெரியும், எண் இறங்கும் என்று டாக்டர் முன்பே எச்சரித்திருந்தார். இருந்தாலும் அந்த நேரத்தில் மனம் கேட்கவில்லை. இன்னும் இரண்டு வருடம் முன்னால் போயிருந்தால் என்று தோன்றிக்கொண்டே இருக்கிறது.

இப்போது படியேறித் துணி காயப்போடுகிறார், நடுவில் நிற்பதில்லை. அடுத்த எக்கோ ஆகஸ்டில். கேட்க வேண்டிய கேள்விகளை இந்தத் தடவை அவரே ஒரு தாளில் எழுதிக் கைப்பையில் வைத்திருக்கிறார். முதல் வரி, "அகலம் எவ்வளவு?"