ஸ்கூல் கிரவுண்டுக்கு டர்ஃப் வருது, சாயங்காலம் காசு வாங்கறது சரியா?

வடசென்னை_விங்கர்:
எங்க ஏரியா கவர்மென்ட் ஸ்கூல் கிரவுண்ட்ல ஒரு கம்பெனி சி.எஸ்.ஆர் காசுல (கம்பெனிங்க லாபத்துலருந்து சமூக நலனுக்கு ஒதுக்கற பணம்) ஃபுட்பால் டர்ஃப், அதாவது செயற்கைப் புல் தரை, ஃப்ளட்லைட் எல்லாம் போட்டுத் தரோம்னு வந்திருக்காங்க. பகல்ல ஸ்கூல் பசங்களுக்கு, 6 மணிக்கு மேல ஏரியா ஆளுங்களுக்கு கட்டணம், அந்தக் காசுல பராமரிப்பு. பள்ளி மேலாண்மைக் குழு மீட்டிங்ல பாதி பேர் வேணாம்ங்கறாங்க. எனக்குப் புரியல. மழை பெஞ்சா வாரக்கணக்கா சேறு, காஞ்சா கல்லும் கண்ணாடித் துண்டும், ஸ்லைட் போட்டா முட்டி கிழியுது. பிரைவேட் டர்ஃப் புக் பண்ண வசதி இல்லாத பசங்களுக்கு அதே தரத்துல வீட்டு பக்கத்துல இடம் கிடைக்குது, அதை ஏன் தடுக்கணும்?

முல்லைநகர்_பையன்:
ப்ரோ, 2024 அக்டோபர்ல நடந்தது ஞாபகம் இருக்கா? சென்னை மாநகராட்சி 9 ஃபுட்பால் டர்ஃபை தனியார்கிட்ட விடறோம், ஒரு ஆளுக்கு மணிக்கு 120 ரூபான்னு தீர்மானம் போட்டாங்க, எதிர்ப்பு கிளம்பினதும் கட்டணம் இல்லைன்னு பின்வாங்கினாங்க. டீமுக்கு 7 பேர்னாலே 14 பேர், மணிக்கு 1680 ரூபா, வியாசர்பாடி பக்கம் எந்தப் பையன் வீட்ல தினமும் இதுக்குக் காசு எடுத்துக் கொடுப்பாங்க? இப்ப மண்ணா இருந்தாலும் அது ஃப்ரீ. கட்டணம்னு ஒன்னு வந்துட்டா காசு இருக்கறவன்தான் சாயங்காலம் உள்ள இருப்பான், நம்ம பசங்க கேட்டுக்கு வெளிய நிப்பாங்க. நான் ஒத்துக்கவே மாட்டேன்.

வடசென்னை_விங்கர்:
120 ரூபா தப்புதான், ஆனா ஃப்ரீயா விட்டா கரன்ட் பில் யார் கட்டுவா? வாட்ச்மேன் சம்பளம்? பதில் சொல்லுங்க.

பி.இ.டி_சார்:
அரசுப் பள்ளியில உடற்கல்வி ஆசிரியரா இருக்கேன், எனக்குப் பட்டதைச் சொல்றேன். செயற்கைப் புல்லுக்குள்ள கறுப்பு ரப்பர் தூள் போடுவாங்க, வெயில் ஏறினா அது மண்ணை விட பயங்கரமா சுடும், எங்க பசங்கள்ல நிறைய பேர் வெறுங்காலோட ஓடறவங்க, 12 மணி பி.டி பீரியட்ல அவங்களை அதுல எப்படி இறக்கறது? அடுத்தது, இருக்கற ஒரே கிரவுண்டை ஃபுட்பாலுக்குக் கொடுத்துட்டா கோகோ, கபடி, லாங் ஜம்ப் குழி எல்லாம் எங்க போகும்? இதையெல்லாம் யாரும் கேக்கறதே இல்ல. 2009 கல்வி உரிமைச் சட்டத்தோட அட்டவணையிலயே விளையாட்டு மைதானம் இருக்கணும்னு இருக்கு, 6லருந்து 8 வரைக்கும் 100 பிள்ளைங்களுக்கு மேல இருந்தா உடற்கல்விக்கு பகுதிநேர ஆசிரியர் வேணும்னும் இருக்கு. முதல்ல ஆள் போடுங்க. சொல்லித் தர ஆள் இல்லாத டர்ஃப்ல பசங்க அவங்களாவே பந்தை உதைச்சிட்டு இருப்பாங்க, அவ்ளோதான்.

கோவில்பட்டி_ஸ்டிக்:
சார் சொல்றது ஃபுட்பாலுக்கு சரியா இருக்கலாம், ஹாக்கிக்கு நிச்சயமா சரி இல்ல. 1976 மான்ட்ரியல் ஒலிம்பிக்ஸ்ல செயற்கைத் தரை வந்துச்சு, இப்ப பெரிய ஹாக்கி எல்லாமே அதுலதான். மண்ணுல பந்து துள்ளும், டர்ஃப்ல வழுக்கிட்டுப் போகும், ஸ்டிக்ல பந்தை நிறுத்தறதுலருந்து பாஸ் வேகம் வரை மொத்தமும் வேற. மண்ணுலயே வளந்த பையன் செலக்‌ஷன் அன்னிக்கு மொத தடவை டர்ஃப்ல நின்னா திணறிப் போவான் அண்ணாச்சி. எங்க ஊர்ல டர்ஃப் வந்தது எங்களுக்கு பெரிய விஷயம். அதனால எல்லா ஸ்கூலுக்கும் வேணாம், சுத்தி இருக்கற ஸ்கூல் எல்லாம் சேந்து பயன்படுத்தற மாதிரி ஒன்னு போதும். தொகுதிக்கு ஒன்னு 3 கோடியில மினி ஸ்டேடியம்னு அரசு சொன்னதே அதுக்குத்தானே?

நந்தினி_அம்மா:
ஆறு மணிக்கு மேல ஏரியா ஆளுங்களுக்குன்னு சொல்றீங்களே தம்பி, அந்த ஏரியா ஆளுங்கள்ல பொண்ணுங்க இருக்காங்களா? எங்க தெருவுல நான் பாத்த வரைக்கும் பெரிய பசங்க வந்து நின்னா பொண்ணுங்க தானா ஒதுங்கிடுவாங்க. 2025ல பஹ்ரைன்ல ஆசிய இளையோர் கபடி தங்கம் ஜெயிச்ச டீம்ல கண்ணகி நகர் கார்த்திகா இருந்தா, அவளைப் பாத்து என் பொண்ணு கபடி ஆடணும்னு நிக்கறா. அவளுக்கு வேண்டியது லைட், பூட்டு இருக்கற டாய்லெட், வாரத்துல பொண்ணுங்களுக்கு மட்டும்னு நேரம். காசு பிரிக்கும்போது இதையும் எழுதுங்க.

ஆடிட்_கணக்கன்:
பணம் பத்தி தெளிவா ஒன்னு சொல்றேன். 2013 கம்பெனிச் சட்டப்படி குறிப்பிட்ட அளவுக்கு மேல இருக்கற கம்பெனிங்க 3 வருஷ சராசரி லாபத்துல 2 சதவீதம் சி.எஸ்.ஆர்ல செலவழிக்கணும், விளையாட்டுப் பயிற்சியும் அந்தப் பட்டியல்ல இருக்கு. தொடர் திட்டம்னு காட்டினாலும் ஆரம்பிச்ச வருஷத்தை விட்டு 3 வருஷம்தான். டர்ஃபுக்கு ஆயுசு எட்டு, பத்து வருஷம், அதுக்குள்ள புல்லை பிரஷ்ஷால வாரி விடணும், ரப்பர் தூள் நிரப்பணும், கடைசில மொத்தமா மாத்தணும். கம்பெனி போன பிறகு வர்ற வருஷங்களுக்கு யார் பொறுப்புன்னு ஒப்பந்தத்துல இல்லேன்னா கையெழுத்து போடாதீங்க. ஒன்னு கம்பெனி முன்னாடியே ஒரு தொகையை பராமரிப்புக்கு ஒதுக்கணும், இல்ல மாநகராட்சி பட்ஜெட்ல தனித் தலைப்பு வேணும்.

வடசென்னை_விங்கர்:
இது எங்க மீட்டிங்ல யாருமே கேக்காத கேள்வி சார், கண்டிப்பா கேக்கறேன். ஸ்கூல் பசங்களுக்கும் ஏரியா 18 வயசுக்குக் கீழ உள்ளவங்களுக்கும் எப்பவும் ஃப்ரீ, வேலைக்குப் போற பெரியவங்க டீமுக்கு மட்டும் ராத்திரி 8க்கு மேல கட்டணம், இப்படி வச்சா?

முல்லைநகர்_பையன்:
பெரியவங்கன்னா யாரு? மூட்டை தூக்கிட்டு ராத்திரி வந்து ஆடறவனும்தான் பெரியவன். ஐ.டி கம்பெனி டீம்கிட்ட வாங்குங்க, எனக்கு ஆட்சேபனை இல்ல. ஏரியா கிளப் எதுகிட்டயும் ஒரு ரூபா வாங்கக்கூடாதுன்னு எழுத்துல கொடுங்க, அப்ப நானும் வந்து கையெழுத்து போடறேன். அது வரைக்கும் வேணாம்தான்.