சிறுநீரக மாற்றுக்குப் பின் கண்ணில் தொற்று: இரத்தப் பரிசோதனை மட்டும் போதாதா?

கேள்வி:
என் அண்ணனுக்குச் சிறுநீரக மாற்று அறுவை சிகிச்சை நடந்து 14 மாதங்கள் ஆகின்றன. உடலின் எதிர்ப்பைத் தணிக்கும் டாக்ரோலிமஸ், மைக்கோஃபினோலேட், பிரெட்னிசொலோன் மருந்துகள் மூன்றையும் தவறாமல் உட்கொள்கிறார். பத்து நாட்களாக இடது கண்ணில் கரும்புள்ளிகள் மிதப்பதாகச் சொல்கிறார். வலியோ சிவப்போ இல்லை. விழித்திரையில் வெண்திட்டைக் கண்ட மருத்துவர், கண்ணுக்குள்ளிருந்து நீர் எடுத்துச் சோதிக்க வேண்டும் என்கிறார். இத்தகையவர்களின் விழித்திரையைத் தாக்கக்கூடிய சைட்டோமெகலோ வைரஸ் இரத்தத்தில் இல்லை என்று அறிக்கை வந்த பிறகும் இது அவசியமா?

மறுமொழி (கண் மருத்துவர்):
அவசியம் என்றே கருதுகிறேன். வலியும் சிவப்பும் பெரும்பாலும் கிருமியை உடல் எதிர்ப்பதால் தோன்றுபவை. அந்த எதிர்ப்பையே மருந்தால் தணித்திருப்பவருக்கு, விழித்திரை அழிந்துகொண்டிருக்கும்போதும் கண் வெளியே அமைதியாகத் தெரியலாம். வைரஸ் கண்ணில் பெருகியும் இரத்தத்தில் அகப்படாமல் போவதுண்டு. இரத்தத்தில் இருந்தாலும், திட்டுக்கு அதுவே காரணம் என்று முடிவு கட்ட இயலாது.

தோற்றமும் ஓரளவுக்கே உதவும். இரத்தக் கசிவுடன் நாளங்களை ஒட்டிப் பரவும் திட்டு சைட்டோமெகலோவை நினைவூட்டும். விழித்திரையின் ஓரத்தில் தொடங்கிச் சில நாட்களிலேயே பரவினால் அக்கி வைரஸையோ ஹெர்பிஸ் சிம்ப்ளெக்ஸையோ சந்தேகிப்போம். எங்களை அதிகம் ஏமாற்றுவது டாக்ஸோபிளாஸ்மா என்ற ஒட்டுண்ணிதான்: வழக்கமாகப் பழைய தழும்பின் அருகில் தோன்றும் அது, இத்தகையவர்களிடம் தழும்பே இல்லாமல் பல இடங்களில் பரந்து, வைரஸ் நோயைப் போலவே காட்சியளிக்கும். மருந்தோ முற்றிலும் வேறு. கருவிழிக்குப் பின்னாலுள்ள முன்னறையிலிருந்து சுமார் 0.1 மி.லி. நீர் கிடைத்தால், கிருமியின் மரபணுவைத் தேடும் பிசிஆர் சோதனையில் இவற்றைப் பிரித்தறியலாம். பூஞ்சை என்ற ஐயம் இருந்தால், கண்ணின் உட்பகுதியிலுள்ள கூழ் போன்ற விட்ரியஸிலிருந்து மாதிரி எடுக்க நேரும்.

மறுமொழி (கல்லீரல் மாற்றுப் பெற்றவர்):
எனக்குச் சாதாரண அழற்சி என்று எண்ணி முதலில் ஸ்டீராய்டு மட்டும் கொடுத்தார்கள். இரண்டு வாரங்களில் திட்டு பெரிதாகிவிட்டது. பிறகு நீர் எடுத்ததில் டாக்ஸோபிளாஸ்மா தெரியவந்தது. ஊசியைப் பற்றி நானும் பயந்தேன், ஆனால் சொட்டு மருந்தால் மரத்துப்போன கண்ணில் ஒரு நிமிடத்துக்குள் முடிந்துவிட்டது.

கேள்வி கேட்டவர்:
இருவருக்கும் நன்றி. முடிவு வரும்வரை மருந்தில்லாமல் காத்திருக்க வேண்டுமா?

மறுமொழி (கண் மருத்துவர்):
வேண்டியதில்லை. மாதிரியை எடுத்தவுடன், அதிகம் சந்தேகிக்கும் கிருமிக்கு மருந்தைத் தொடங்கி, முடிவு வந்ததும் மாற்றிக்கொள்வதே வழக்கம். அதற்கு முன் சிறுநீரக மாற்று சிகிச்சை மருத்துவரிடம் கட்டாயம் பேசச் சொல்லுங்கள்: சைட்டோமெகலோவுக்குத் தரப்படும் வால்கான்சைக்ளோவிர், மைக்கோஃபினோலேட்டுடன் சேர்ந்து வெள்ளணுக்களைக் குறைக்கக்கூடும்; வோரிகொனசோல் போன்ற பூஞ்சை மருந்துகள் டாக்ரோலிமஸ் அளவைப் பெரிதும் உயர்த்திவிடும்.