பழைய படகு: விடியற்காலையில் குளிர்பெட்டி நின்றுவிடுகிறது, பெரிய பேட்டரி போடலாமா?

கேள்வி
வணக்கம். என்னுடையது பழைய 12 வோல்ட் படகு. 100 ஆம்பியர் மணி ஈய-அமில பேட்டரிகள் இரண்டு இணையாக உள்ளன. இன்ஜினைக் கிளப்புவதும் அவைதான். விளக்கு, பம்ப், குளிர்பெட்டி எல்லாம் ஓடுவதும் அவற்றில்தான். நங்கூரமிட்டுத் தங்கினால் விடிவதற்குள் குளிர்பெட்டி நின்றுவிடுகிறது. இரண்டையும் கழற்றிவிட்டு 300 ஆம்பியர் மணி லித்தியம் போட நினைக்கிறேன். இன்ஜின் ஓடும்போது பேட்டரியை சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டர் பழைய 55 ஆம்பியர்.

பதில் 1
பணத்தை எடுக்குமுன் மல்டிமீட்டரை எடுங்கள். கம்ப்ரசர் ஓடும்போது பேட்டரி முனையில் எத்தனை வோல்ட், குளிர்பெட்டி முனையில் எத்தனை? பிளஸ், மைனஸ் கம்பிகளைத் தனித்தனியாகவும் பாருங்கள். மீட்டரின் ஒரு முள் பேட்டரி மைனஸில், இன்னொன்று குளிர்பெட்டி மைனஸில்.

கேட்டவர்
பேட்டரியில் 12.3, குளிர்பெட்டியில் 10.8. பிளஸ் கம்பியில் 0.2 போகிறது, மைனஸில் 1.3! மைனஸ் கம்பிகள் சேரும் பட்டையைத் தொட்டால் சுடுகிறது. திருகைச் சுற்றிப் பச்சைக் களிம்பு.

பதில் 1
அங்கேதான் திருடன், வோல்ட்டைத் தின்று குளிர்பெட்டியை நிறுத்துவது அந்த மைனஸ் பக்கம்தான். பிளஸ் பக்கத்தை எல்லோரும் பார்ப்பார்கள், மைனஸை யாரும் சீண்டுவதில்லை. பட்டையைத் தேய்த்துச் சுத்தம் செய்யுங்கள். கம்பி முனையில் உறையைச் சற்றே சீவிப் பாருங்கள். செம்பு கறுத்திருந்தால் பளபளப்பு வரும்வரை வெட்டுங்கள், வராவிட்டால் கம்பியையே மாற்றுங்கள், வெள்ளீயம் பூசிய செம்பாக. 5 ஆம்பியர், போக வர 12 மீட்டர் என்றால் 1.5 சதுர மி.மீ. கம்பியில் 0.7 வோல்ட் போகும். 4 சதுர மி.மீ. கம்பியில் 0.26தான்.

பதில் 2
சரி, ஆனால் கணக்கும் போட வேண்டுமே. குளிர்பெட்டி 5 ஆம்பியர், பாதி நேரம் ஓடினால் நாளைக்கு 60 ஆம்பியர் மணி. நங்கூர விளக்கு பழைய 10 வாட் பல்ப் என்றால் இரவுக்கு 10. எல்இடி என்றால் 2. பம்ப், ரேடியோ, மற்ற விளக்குகளுக்கு 20 வையுங்கள். மொத்தம் 80 முதல் 90. ஈய-அமிலத்தில் பாதிக்குமேல் இறக்கினால் ஆயுள் குறையும். ஆகவே உங்கள் 200-இல் நம்பத்தக்கது 100, அதுவும் பேட்டரி நல்ல நிலையில் இருந்தால். இன்ஜினுக்கும் அதிலேயே கை வைப்பதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. இன்ஜினுக்குத் தனி பேட்டரி வையுங்கள்.

கேட்டவர்
அப்படியானால் லித்தியம் வேண்டாமா?

பதில் 2
வேண்டாம் என்று சொல்லவில்லை, நேராக ஆல்டர்னேட்டரில் கோக்காதீர்கள். லித்தியம் கொடுத்த மின்னோட்டத்தையெல்லாம் விழுங்கும். பழைய ஆல்டர்னேட்டர் முழுச்சுமையில் நெடுநேரம் ஓடிச் சூடேறிக் கருகும். பேட்டரியின் காப்புச்சுற்று நடுவில் துண்டித்தாலோ, மின்னழுத்தம் எகிறி ஆல்டர்னேட்டரின் டையோடுகள் போய்விடும். நடுவில் டிசி-டிசி சார்ஜர் (ஆல்டர்னேட்டரிலிருந்து லித்தியத்துக்குப் போகும் மின்னோட்டத்தை அளவாக விடும் கருவி) வைத்து 30 ஆம்பியருக்குக் கட்டுப்படுத்துங்கள்.

பதில் 1
எந்த பேட்டரியானாலும் பிளஸ் முனைக்கு மிக அருகிலேயே ப்யூஸ். அதன் அளவு கம்பி தாங்குவதைத் தாண்டக் கூடாது. லித்தியத்துக்கு ஷார்ட் சர்க்யூட்டில் பாயும் பெரிய மின்னோட்டத்தையும் துண்டிக்கும் வகை வேண்டும், டி வகுப்பு (Class T) ப்யூஸ் கேளுங்கள்.

கேட்டவர்
பட்டையைச் சுத்தம் செய்து, முனைகளை வெட்டி மாட்டினேன். குளிர்பெட்டி முனையில் இப்போது 11.9. இரவு முழுக்க ஓடியது. முதலில் இன்ஜினுக்குத் தனி பேட்டரி, லித்தியம் அப்புறம்.